விளையாட்டுப் பெட்டியும் வீட்டுக் கணக்கும்

2025 ஒக்டோபர் இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை. கல்முனையில் அலுவல் முடித்துக்கொண்டு வீரமுனைக்குத் திரும்பும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. வழியில் இருந்த தேநீர்க் கடையொன்றில் ஒதுங்கினோம். அடுத்த மேசையில் நான்கு இளைஞர்கள் அமர்ந்திருந்தனர். இருவர் சம்மாந்துறைப் பிள்ளைகள், ஒருவர் காரைதீவு, மற்றவர் நம்மிடம் முன்னர் படித்த மாணவர். தேநீர் ஆறிப்போவதையும் கவனியாது அவர்கள் பெருங்குரலில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். "கட்சி மாறிவிட்டார்கள்", "துரோகம்", "இனி அவர்களிடம் என்ன இருக்கிறது?" என்னும் சொற்கள் காதில் விழுந்தன. தேர்தல் விவகாரம் போலும் என்றே முதலில் எண்ணினோம்.

சற்றே செவிசாய்த்த பின்னர்தான் உண்மை விளங்கிற்று. அவர்கள் வாதிட்டது தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் பெட்டிகளைப் பற்றி. ஒருவர் சோனி கம்பனியின் பிளேஸ்டேஷன் கட்சி. மற்றொருவர் மைக்ரோசொப்ட் கம்பனியின் எக்ஸ்பொக்ஸ் கட்சி. எக்ஸ்பொக்ஸுக்கே உரியதென்று இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கொண்டாடப்பட்ட 'ஹேலோ' என்னும் விளையாட்டு, இனிப் பிளேஸ்டேஷனிலும் வெளிவரும் என்ற அறிவிப்பு அப்போதுதான் வந்திருந்தது. "எங்கட ஹேலோவைக் கொண்டுபோய் அவங்களுக்கே கொடுத்திட்டாங்கள் மச்சான்!" என்று நம் பழைய மாணவர் மேசையில் கையை அடித்தார்.

நாம் பொறுக்கமாட்டாது கேட்டோம்: "தம்பிமாரே, உங்களில் யாரிடம் இந்தப் பெட்டி இருக்கிறது?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். "ஒருத்தரிட்டயும் இல்ல சேர். இவன்ட பெரியவாப்பாட மகன்ட வீட்ட ஒண்டு கிடக்கு, கட்டார்ல இருந்து வந்தது. நாங்க விளையாடுறதெல்லாம் போன்லதான்" என்றார் ஒருவர்.

கையில் இல்லாத பெட்டிக்காகக் கட்சி கட்டிக்கொண்டு நிற்கும் இவ்விளைஞரைக் கண்டு நகைப்பதா, இரங்குவதா என்று தெரியவில்லை. எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சிந்தனை நம்மை விடவில்லை. காரணம், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர் இதே விளையாட்டு நம் குடும்பத்திலும் ஒரு கலக்கத்தை உண்டாக்கியிருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வடசேரியும் தென்சேரியும்

விளையாட்டில் கட்சி பிரிவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியுமுன், நம் கரையோரம் முழுவதும் மட்டக்களப்புடன் ஒன்றாயிருந்தது. அப்பழைய மட்டக்களப்புத் தேசத்தின் புகழ்பெற்ற விளையாட்டுக் கொம்பு விளையாட்டு. கண்ணகி வழிபாட்டோடு பிணைந்தது அது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த உறுதியான இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இரு சாராரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் நையாண்டிப் பாட்டுப் பாடித் தோற்றவரைக் கேலி செய்வர். சிங்கள மக்களிடத்தும் 'அங் கெளிய' என்ற பெயரில் இதே விளையாட்டு, இதே இரு கட்சி முறையுடன் வழங்கிவந்தது.

தேநீர்க் கடை வாதமும் இவ்வழி வந்ததே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கொம்பு விளையாட்டில் கொம்பும் கயிறும் ஊராருடையவை, கட்சியும் அவர்களுடையது, வெற்றியும் தோல்வியும் ஊருக்குள்ளேயே தங்கின. புதிய விளையாட்டிலோ இரு கொம்புகளும் கடல்கடந்த கம்பனிகளுக்குச் சொந்தம். கயிற்றை இழுப்பவர் மட்டுமே நம் பிள்ளைகள்.

பெட்டி வந்த கதை

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் முதற்பெட்டி 1972 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ரால்ப் பேயர் என்பார் வகுத்த அதன் பெயர் மக்னவொக்ஸ் ஒடிசி. பின்னர் அட்டாரி கம்பனி எழுந்தது. 1983 இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அதே ஆண்டில் ஜப்பானில் நின்டெண்டோ தன் பெட்டியை வெளியிட்டுப் பின் உலகெங்கும் பரவிற்று.

சோனி இத்துறையில் இறங்கியதே ஒரு மனக்கசப்பினால் எனலாம். நின்டெண்டோவும் சோனியும் கூட்டாக ஒரு பெட்டி செய்ய உடன்பட்டிருந்தன. 1991 இல் நின்டெண்டோ அவ்வுடன்பாட்டை விட்டுப் பிலிப்ஸ் கம்பனியுடன் கைகோத்தது. சோனி தனித்துநின்று 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனை வெளியிட்டது. 2000 இல் வந்த அதன் இரண்டாம் பெட்டி 15 கோடிக்கும் மேல் விற்பனையாகி, வீட்டு விளையாட்டுப் பெட்டிகளின் வரலாற்றிலே பெரும் வெற்றியாயிற்று. 2001 நவம்பரில் மைக்ரோசொப்ட் எக்ஸ்பொக்ஸுடன் களத்தில் இறங்கிற்று.

அன்று எக்ஸ்பொக்ஸைத் தூக்கி நிறுத்தியது ஹேலோ. அதன் வரலாற்றை நம் பழைய மாணவர் அறிந்திருந்தால் மேசையில் அவ்வளவு பலமாக அடித்திருக்கமாட்டார். அவ்விளையாட்டு 1999 இல் முதன்முதல் காட்டப்பட்டது ஆப்பிள் கம்பனியின் மேடையில். மறு ஆண்டே அதனைச் செய்த பஞ்சி என்னும் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் விலைக்கு வாங்கித் தன் பெட்டிக்கே உரியதாக்கிற்று. பின்னர்ப் பஞ்சி 2007 இல் பிரிந்து சென்றது. ஹேலோவின் உரிமை மைக்ரோசொப்டிடமே தங்கிவிட்டது. 2022 இல் அதே பஞ்சியை வாங்கியது யார்? சோனி! 2026 இல் ஹேலோவைப் பிளேஸ்டேஷனில் வெளியிடுவதாக 2025 ஒக்டோபரில் அறிவித்தது யார்? மைக்ரோசொப்ட்! கம்பனிகள் கைமாறியும் கைகோத்தும் வாணிகம் செய்கின்றன. சண்டையெல்லாம் தேநீர்க் கடையில் மட்டுமே.

தனியுரிமையின் தந்திரம்

ஒரு விளையாட்டை ஒரே பெட்டியில் மட்டும் பூட்டி வைப்பது ஏன்? பெட்டி விற்பதில் கம்பனிக்கு வரும் இலாபம் அற்பம்; சிலபோது நட்டமே. எக்ஸ்பொக்ஸ் பெட்டி விற்பனையால் இலாபம் கண்டதேயில்லை என்று மைக்ரோசொப்ட் அதிகாரி ஒருவர் 2021 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் கூறினார். இலாபமெல்லாம் அதன் பின்னரே வருகிறது. அப்பெட்டியில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் நூற்றுக்கு 30 வீதம் கம்பனி எடுத்துக்கொள்வது வழக்கம். தூண்டிலை மலிவாகக் கொடுத்து மீனில் பங்கு கேட்பது போன்றது இது. ஒருவர் விரும்பும் விளையாட்டு ஒரு பெட்டியில் மட்டுமே இருந்தால் அவர் அப்பெட்டியைத்தானே வாங்கவேண்டும்? வாங்கியபின் ஆண்டுக்கணக்கில் அவர் அக்கடைக்கே வாடிக்கையாளர்.

இதற்காக அவர்கள் செலவிடும் பணத்தின் அளவைக் கேட்டால் மலைப்பு உண்டாகும். அக்டிவிஷன் பிளிசார்ட் என்னும் விளையாட்டுக் கம்பனியை 6,870 கோடி டொலருக்கு வாங்குவதாக 2022 ஜனவரியில் மைக்ரோசொப்ட் அறிவித்தது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. பிரித்தானியாவும் முட்டுக்கட்டை இட்டது. 2023 ஒக்டோபரிலேயே வாணிகம் நிறைவேறிற்று. அக்கொள்வனவில் போர் விளையாட்டுகள் மட்டும் வரவில்லை. நம் வீட்டுப் பெண்கள் சமையல் முடிந்து சாய்ந்திருக்கும் வேளையில் கைத்தொலைபேசியில் நிறநிறமான இனிப்புகளை உடைத்து விளையாடுகிறார்களே, அந்தக் 'கன்டி கிரஷ்' செய்யும் கம்பனியும் அதனுள் அடக்கம். "விளையாட்டுப் பைத்தியம் பிள்ளைகளுக்குத்தான்" என்று சொல்லும் தாய்மார் இதனைச் சற்றே நினைந்துபார்ப்பார்களாக!

நம்மூர்க் கணக்கில் பார்ப்போம். பிளேஸ்டேஷனின் ஐந்தாம் பெட்டி 2020 இல் 499 டொலருக்கு வந்தது. டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று வைத்தால் வரியும் கூலியும் சேராமலே ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா. புதிய விளையாட்டொன்றின் விலை 70 டொலர் என்றால் 21,000 ரூபா. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவையும் தாண்டியபோது இவையெல்லாம் எட்டாக் கனியாயின. ஆகவே நம் கரையோரத்தில் இப்பெட்டி வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் தந்தையரின் பயணப்பெட்டியில் வருவதே பெரும்பாலும் வழக்கம். மற்றப் பிள்ளைகள் கையில் கிடைத்த களத்தில் இறங்கினர். அக்களம் கைத்தொலைபேசி.

இலவசம் என்னும் வாயில்

பப்ஜி, ஃப்ரீ பயர் முதலிய துப்பாக்கி விளையாட்டுகளை இறக்கிக்கொள்ள ஒரு சதமும் வேண்டியதில்லை. வாயில் இலவசம், உள்ளேதான் கடை. வீரனுக்கு உடுப்பு, துப்பாக்கிக்கு நிறம், வாகனத்துக்கு அலங்காரம் எனப் பலவும் விற்பனைக்கு உண்டு. இவ்வழக்கத்துக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று 2006 இல் நேர்ந்தது. 'ஒப்லிவியன்' என்னும் விளையாட்டில் குதிரைக்கு அணிவிக்கும் கவசமொன்றை இரண்டரை டொலருக்கு விற்றனர். பொய்க் குதிரைக்கு மெய்ப் பணமா என்று உலகெங்கும் விளையாட்டு இரசிகர் எள்ளி நகைத்தனர். இன்று நகைப்பார் எவருமிலர்.

அக்கடையின் சூழ்ச்சி மூன்று. முதலாவது, விலையை ரூபாவில் சொல்வதில்லை. பணத்தைக் கொடுத்து முதலில் 'வைரம்' வாங்கவேண்டும். வைரத்தைக் கொடுத்துப் பொருள் வாங்கவேண்டும். இடையில் மாற்றியதும் பணம் பணமாகத் தோன்றுவதில்லை. இரண்டாவது, பொருளின் விலையும் வைரக் கட்டின் அளவும் பொருந்துவதில்லை. எப்போதும் சில வைரம் குறையும். அல்லது சில மிஞ்சும். குறைந்தால் இன்னொரு கட்டு. மிஞ்சினால் அதனை வீணாக்காதிருக்க இன்னொரு கட்டு. மூன்றாவது, பொருளைக் காட்டி விற்காமல் மூடிய பெட்டியாக விற்பது. பணம் கட்டித் திறந்தால் நல்லதும் வரலாம், குப்பையும் வரலாம். நம் திருவிழாக் கடைகளில் சீட்டிழுப்பு விளையாடியவர்க்கு இதன் கவர்ச்சியைச் சொல்லவேண்டியதில்லை. அங்கு ஒரு கண்ணாடிக் குவளையாவது கையில் மிஞ்சும். இங்கு அதுவுமில்லை.

நம் வீட்டுக் கதை

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. நம் தங்கையின் மகன் அவ்வாண்டு தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். பாடங்களெல்லாம் தொலைபேசி வழியே வந்தன. தந்தையோ கட்டாரில். "பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடும்" என்று நாமே முன்னின்று அவனுக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தோம். அதனை நல்லதொரு கொடையென்றே கருதினோம்.

நான்காண்டு கழிந்தது. 2024 இறுதியில், தரம் ஒன்பதில் படித்த அவன் நான்கு மாதமாகத் தனியார் வகுப்புக்குக் கட்டணம் செலுத்தவில்லை என்ற செய்தி தற்செயலாக வந்தது. மாதந்தோறும் தாய் கொடுத்த பணம் எங்கே? வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு ரீலோட் கடையில் அது வைரமாக மாறியிருந்தது. கூட்டிப் பார்த்தபோது ஏறத்தாழ 18,000 ரூபா. பாலைவன வெயிலில் நின்று தந்தை அனுப்பிய பணம். தங்கை பேச்சற்று அடுப்படியிற் போய் அமர்ந்துவிட்டாள்.

நமக்கு வந்த கோபத்தில் கைத்தொலைபேசியைப் பறித்து அலுமாரியிற் பூட்டினோம். அறிவுரையும் ஏராளமாகக் கூறினோம். ஆசிரியத் தொழில் புரிவார்க்கு அதில் குறைவேது? அவன் தலை கவிழ்ந்து நின்றான். இரவு சாப்பிடவும் வரவில்லை. மறுநாள் மாலை வாசற்படியில் அவனருகே அமர்ந்து, கோபமின்றி ஒரே கேள்வி கேட்டோம்: "மருமகன், இல்லாத உடுப்புக்கு ஏன் இவ்வளவு காசு கொடுத்தாய்?"

நெடுநேரம் மௌனமாயிருந்து அவன் சொன்னான்: "மாமா, குழுவில எல்லாருக்கும் நல்ல உடுப்பு இருக்கு. எனக்கு மட்டும் சும்மா குடுக்கிற உடுப்பு. அது போட்டால் 'நூப்' எண்டு பகிடி பண்ணுவாங்கள். என்னைக் குழுவில சேர்க்கமாட்டாங்கள்."

'நூப்' என்றால் விளையாடத் தெரியாத கற்றுக்குட்டி. அச்சொல் நம்மை எங்கோ கொண்டுசென்றது. நாம் படித்த காலத்தில், பெருநாளுக்கும் பொங்கலுக்கும் புத்துடுப்பு இல்லாத பிள்ளை கோயில் வீதிக்கு வர நாணி வீட்டில் ஒளிந்திருப்பதைக் கண்டதில்லையா? பேராசையாலோ பித்தினாலோ அவன் அப்பணத்தைச் செலவிடவில்லை. தோழரிடையே வெட்கப்படாதிருப்பதற்காகச் செலவிட்டான். பிள்ளைகளின் அவ்வெட்கத்தை எங்கோ இருக்கும் ஒரு கம்பனி அறிந்து, அதற்கு விலை குறித்து வைத்திருக்கிறது. தாயும் மாமனும் அதனை அறியாதிருந்தோம். தொலைபேசியைக் கொடுத்தவர் நாம். கொடுத்தபின் நான்காண்டு அதனுள் என்ன நடக்கிறதென்று ஒருநாளும் எட்டிப் பார்க்காதவரும் நாமே. அலுமாரியிற் பூட்டவேண்டியது தொலைபேசியை அன்று, நம் அலட்சியத்தையே என்று அன்று உணர்ந்தோம்.

உலக நாடுகள் கண்ட வழி

இத்தொல்லை நம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2017 நவம்பரில் ஸ்டார் வோர்ஸ் விளையாட்டொன்றில், முழுவிலை கொடுத்து வாங்கியவரும் புகழ்பெற்ற வீரரைப் பெற நெடுநேரம் உழைக்கவேண்டும் அல்லது மூடிய பெட்டி வாங்கவேண்டும் என்ற நிலை எழுந்தது. இரசிகர் வெகுண்டெழுந்தனர். கம்பனி அவ்விற்பனையை நிறுத்திவைத்தது. மறு ஆண்டில் பெல்ஜியம், பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதே என்று கூறித் தடுத்தது. ஜப்பான் இதில் ஒரு வகையை 2012 லேயே விலக்கியிருந்தது. எப்பொருள் வருவதற்கு எத்தனை வீதம் வாய்ப்பு என்பதை வெளிப்படுத்தவேண்டும் என்னும் சட்டம் தென்கொரியாவில் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கம்பனி 52 கோடி டொலர் செலுத்த 2022 டிசம்பரில் அமெரிக்காவில் உடன்பட்டது. அதில் 24.5 கோடி, குழப்பமான பொத்தான்களாலும் பெற்றோர் அறியாத கொள்வனவுகளாலும் பணம் இழந்தவர்க்குத் திருப்பிக் கொடுப்பதற்காக. மிஞ்சிய 27.5 கோடி, சிறுவரின் விபரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதற்கான தண்டம்.

முழுத்தடையை நாடியோரும் உளர். இந்தியா 2020 செப்டெம்பரில் பப்ஜியையும் 2022 பெப்ரவரியில் ஃப்ரீ பயரையும் தடுத்தது. அவை நாட்டின் பாதுகாப்பைக் காரணங்காட்டிய தடைகள். பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் தனிச் சட்டத்தால் விலக்கிற்று. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே விளையாடலாம் என 2021 இல் சீனா விதித்தது. தென்கொரியாவோ, சிறுவர் நள்ளிரவுக்குப் பின் விளையாடலாகாதென்று 2011 இல் கொண்டுவந்த சட்டத்தைப் பத்தாண்டு அனுபவத்தின் பின் நீக்கிவிட்டது. வெறுந்தடை மட்டும் போதாதென்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் வீடுகளில் செய்யத்தக்கது

நாம் கையாண்ட வழி எளியது. ஒரு கொப்பி வாங்கி மருமகனிடம் கொடுத்தோம். நான்கு மாதத்தில் வாங்கியவற்றையெல்லாம் அவனே எழுதவேண்டும். வைரக் கணக்கில் அன்று, ரூபாக் கணக்கில். தொப்பி ஒன்று, இவ்வளவு ரூபா. திறந்த பெட்டி ஆறு, வந்தது ஒன்றுமில்லை, இவ்வளவு ரூபா. இரண்டாம் பக்கம் முடியுமுன் அவன் பேனாவை வைத்துவிட்டுத் தாயிருந்த பக்கம் பார்த்தான். நம் அறிவுரை செய்யாததை அக்கூட்டல் செய்தது.

தொலைபேசி ஒரு வாரத்தில் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு கொள்வனவுக்கும் இரகசிய எண் கேட்கும்படி தொலைபேசியில் ஒழுங்கு செய்யலாம். விளையாட்டுப் பெட்டிகளிலும் மாதச் செலவுக்கு எல்லை இடலாம். ஆனால் நம்மூரில் கடையிற் காசு கொடுத்து வைரம் ஏற்றும் வழி திறந்திருக்கையில் எந்த எண்ணும் முழுக்காவல் ஆகாது. ஆதலால் மாதம் ஒரு சிறுதொகை அவனுக்கென்று ஒதுக்கினோம். அதனை உடுப்புக்கும் கொடுக்கலாம், ஐஸ்கிரீமுக்கும் கொடுக்கலாம், கொப்பியில் எழுதவேண்டும். கடைக்காரரிடமும் சென்று, சீருடையில் வரும் பிள்ளை பெருந்தொகை நீட்டினால் வீட்டுக்கு ஒரு சொல் அறிவிக்கும்படி வேண்டிக்கொண்டோம். அவரும் பிள்ளை குட்டிக்காரர், ஒப்புக்கொண்டார். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நம் கரையில், ஒருவர் பிள்ளையை மற்றவர் கவனித்தல் சட்டத்தினும் வலியதொரு காவல்.

இன்னொன்றும் செய்தோம். மருமகனை அருகிருத்தி அவ்விளையாட்டை நாமும் ஆடினோம். வானத்திலிருந்து குதித்து, துப்பாக்கி எது பெட்டி எது என்று தேடுமுன்னரே யாரோ ஒருவர் நம்மைச் சுட்டு வீழ்த்திவிட்டார். மூன்று நிமிடத்திற் கதை முடிந்தது. மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, நீங்கதான் பெரிய நூப்!" என்றான். சமையலறையிலிருந்து தங்கையின் சிரிப்பொலியும் கேட்டது. அவ்வீட்டில் பல வாரங்களுக்குப் பின் கேட்ட சிரிப்பு அது.

விளையாட்டைப் பழிப்பது நம் கருத்தன்று. பற்றரியில் ஓடிய சிறு 'பிரிக் கேம்' பெட்டிக்காகத் தோழரோடு அடிபட்ட தலைமுறையினர் நாம். புதுமையைக் கண்டு முகஞ்சுளிக்க நமக்கு உரிமை குறைவு. நாம் வேண்டுவதெல்லாம், பிள்ளை விளையாடும் இடத்தில் என்ன விலைக்கு விற்கிறதென்று வீட்டாரும் அறிந்திருக்கவேண்டும் என்பதே.

மழை விட்ட அன்று மாலை, தேநீர்க் கடையைவிட்டு எழும்போது அந்நால்வரும் ஹேலோவை மறந்து, தேநீர்க் காசை யார் கொடுப்பதென்று இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தனர். கட்சி வேறுபாடு பாராது சம்மாந்துறைத் தம்பி முந்திக்கொண்டு கொடுத்துவிட்டார். அதற்கு எந்தக் கம்பனியும் இன்னும் விலை குறிக்கவில்லை.